வெண்கொக்குக் கழகத்தில் ஒரு வரலாற்று ஆசிரியை

ஏப்ரல் 3, வியாழன்

ஜாசிந்தா இன்று தொலைபேசியில் தீர்ப்பு வாசித்தாள். என் ஒரே மகள் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. யாரும் ஏணியிலிருந்து விழாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சென்ற மாதம் நான் குளியலறையில் வழுக்கியதிலிருந்து அவளுக்கு நானும் ஓர் ஆட்டம் கண்ட ஏணி.

"ஜூன் கடைசி வரைக்கும் பாக்குறேன்மா. அதுக்குள்ள இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா பேச்சே கெடையாது. வீட்டப் பூட்டிட்டு எங்ககூட வந்துடணும்."

பதினான்காம் மாடியில் ஓர் அறை காத்திருக்கிறதாம். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் தெரியும். என் கணவர் சவரிராயன் இறந்து ஏழு ஆண்டுகளாக இந்தத் தைப்பிங் வீட்டைத் தனியாகத்தான் நடத்துகிறேன். பதினொரு ரோஜாச் செடிகள், ஒரு மீன் குளம், ஞாயிறு பூசையில் இரண்டாம் வரிசையில் என் இடம். இவற்றில் எதையும் மின்தூக்கியில் ஏற்ற முடியாது.

விழ மாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சரியாக மூன்றரைக்கு மழை.

ஏப்ரல் 7, திங்கள்

காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு குரல்: "டீச்சர் இருக்காங்களா?" அப்பட்டமான தோட்டத்துத் தமிழ். எட்டிப் பார்த்தால் ஒரு சீனர்.

பெயர் சுவா கெங் லியோங். சந்தைக்குப் பின்னால் எலும்பு முறிவு வைத்தியக் கடை வைத்திருக்கிறார். அவருடைய தந்தை ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை நடத்தினாராம். பால்மரம் வெட்டுபவர்களின் பிள்ளைகளோடு விளையாடித் தமிழ் பிடித்துக்கொண்டார். பிடித்த இடத்தில் சற்று அழுக்கும் ஒட்டியிருக்கிறது. இரண்டு சொற்களை என் வீட்டில் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னேன். அவை கெட்ட வார்த்தைகள் என்று அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லையாம்.

வந்த காரியம் இது. அவர் தலைமை குருவாக இருக்கும் வெண்கொக்குக் கழகத்துக்கு எழுபத்தைந்து ஆண்டுகள் நிறைகின்றன. மலர் ஒன்று வெளியிடுகிறார்கள். வெண்கொக்குச் சண்டைக் கலை எப்படிப் பிறந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரலாறு வேண்டும். கான்வென்டில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வரலாறு கற்பித்தவள் என்று என்னைத் தேடி வந்திருக்கிறார்.

சான்று இல்லாமல் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்றேன். தாராளமாக என்று சொல்லிவிட்டுக் கதையை ஆரம்பித்தார். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, சீனாவின் ஃபூச்சியென் மாநிலத்தில், பாங் குடும்பத்தின் ஏழாம் பெண் முற்றத்தில் தானியம் காயவைத்திருக்கிறாள். வெண்கொக்கு ஒன்று வந்து இறங்குகிறது.

"மூங்கிக் கழிய எடுத்துத் தலையில போட்டா, தல அங்க இல்ல. றெக்கையில போட்டா, றெக்க அங்க இல்ல. கடைசியில கழியையே ஒரு கொத்து கொத்திடுச்சு. அவ கழியக் கீழ போட்டுட்டு ஒக்காந்து பாக்க ஆரம்பிச்சா டீச்சர். அதுலேர்ந்து வந்ததுதான் எல்லாம்."

"எந்த ஆண்டு?"

"ரொம்பப் பழசு டீச்சர்."

ரொம்பப் பழசு என்பது ஓர் ஆண்டு அல்ல என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு கோப்பை காப்பி குடித்தார். சட்டையின் கழுத்துப் பட்டையை உள்பக்கமும் இஸ்திரி போட்டிருந்தார். மனைவி இறந்து ஒன்பது ஆண்டுகளாம். பின்னணித் தகவலுக்காகக் குறித்து வைக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

அடிக்க வருபவள் முன்னால் நின்று எந்தக் கொக்கும் பாடம் நடத்தாது. பறந்துவிடும். இந்த மறுப்பை நேரில் சொல்வதே முறை.

ஏப்ரல் 11, வெள்ளி

நேரில் சொன்னேன். கடையில் ஒருவருடைய தோள்பட்டையைப் பிசைந்துகொண்டிருந்தார். நிறுத்தாமலே கேட்டார்: "ஒங்க வீட்டுக் குளத்துக்குக் கொக்கு வருதுல்ல?"

வருகிறது, மீனைத் திருடுகிறது என்றேன்.

"அப்ப அடிச்சுப் பாருங்க."

தோள்பட்டைக்காரர் சிரித்தார். பிறகு வலியில் கத்தினார். நியாயம்தான்.

ஏப்ரல் 12, சனி

சோதனை அறிக்கை. நேரம்: காலை ஆறே முக்கால். கருவி: துணி காயப்போடும் மூங்கில் கழி, ஏழடி. எதிரி: வெண்கொக்கு ஒன்று, குளக்கரையில், ஒற்றைக் காலில்.

முதல் அடி: கொக்கு அரையடி நகர்ந்தது. இரண்டாவது: கழுத்தை மட்டும் மடக்கியது. மூன்றாவது முதல் ஏழாவது வரை செம்பருத்திச் செடிக்குத்தான் சேதம். எட்டாவது அடியில் இறக்கையை விரித்தது. பறக்கப் போகிறது, என் வாதம் வென்றது என்று நினைத்தேன். அது இறக்கையால் காற்றைத் தள்ளிவிட்டுப் பழைய இடத்திலேயே நின்றது. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பதினொன்றாவது அடி நன்றாகவே விழுந்தது, தண்ணீரில்.

பன்னிரண்டாவது அடியில் நான் புல்லில் உட்கார்ந்தேன். விழவில்லை. விழுவது வேறு, உட்காருவது வேறு. சற்று வேகமாக உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

எதற்கென்று தெரியவில்லை, சிரிப்பு வந்தது. ஈரப் புல்லில் உட்கார்ந்தபடியே வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த ஏழாம் பெண்ணும் ஒருவேளை இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள், கவனிப்பதற்காக அல்ல, எழ முடியாமல். கொக்கு ஒரு மீனை எடுத்துக்கொண்டு போயிற்று. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு அன்னபாக்கியத்தின் தலை தெரிந்தது. காலை வணக்கம் சொன்னேன்.

முடிவு: பறக்காது. கதையின் அந்தப் பகுதி நம்பத் தக்கது.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பூசை முடிந்து வருவதற்குள் ஜாசிந்தா நான்கு முறை அழைத்திருக்கிறாள். அன்னபாக்கியம் ஒலிபரப்பிவிட்டாள்.

"பறவையக் கழியால அடிச்சீங்களாம்மா? கீழ விழுந்து தனியா சிரிச்சீங்களாம்?"

ஆராய்ச்சி என்றேன்.  பிறகு அந்த அறைக்கு ஒரு நல்ல கட்டில் பார்த்து வைத்திருப்பதாக மிக மென்மையாகச் சொன்னாள். அவள் கத்தும்போது எனக்குப் பயமில்லை. மென்மையாகப் பேசும்போதுதான்.

அன்னபாக்கியத்துக்குக் கண்ணில் புரை என்று சொல்லி வைத்தேன். புரை இருப்பது உண்மை. இடக்கண்ணில்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இன்று கொக்குகளைப் பற்றியும் அவை தொடர்பான மனிதர்களைப் பற்றியும் நினைப்பதில்லை என்று தீர்மானம். பதினொரு மணி வரை கடைப்பிடித்தேன்.

ஏப்ரல் 26, சனி

ஒரு சிறு தவறு நடந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

கழகத்தில் புதுச் சீடரைச் சேர்க்கும் சடங்கு, வந்து பாருங்கள், வரலாற்றுக்கு உதவும் என்று திரு. சுவா அழைத்திருந்தார். மண்டபத்தின் நடுவே அவருடைய காலஞ்சென்ற குருவின் பெரிய படம். அதன் கீழே நாற்காலியில் திரு. சுவா. சுற்றிலும் இருபது பேர் மௌனமாக. சீடராகச் சேர வந்தவர் தியோ என்ற டயர் கடைக்காரர். நாற்பத்தைந்து வயது, லாரிச் சக்கரத்தைத் தனியாகத் தூக்கும் உடம்பு. தேநீர்த் தட்டை ஏந்தி வந்தார். பாவம், கை அப்படி நடுங்கியது. தேநீர் தளும்பித் தட்டெல்லாம் ஓடியது.

எங்களுக்குக் கான்வென்டில் நன்னடத்தை கற்பித்தவர் சிஸ்டர் கொலும்பா, ஐரிஷ்காரர். அவருடைய சட்டம்: ஓர் அறையில் தேநீர் தடுமாறினால், அங்கிருக்கும் மூத்த பெண்மணி எழுந்து பொறுப்பேற்க வேண்டும். அறுபது ஆண்டுகளில் நான் அதை மீறியதில்லை. எழுந்தேன். தியோவிடமிருந்து தட்டை வாங்கினேன். கைக்குட்டையால் துடைத்தேன். கோப்பையை இரு கைகளாலும் ஏந்தி, இடக்காலைப் பின்னே வைத்து முழங்காலை மடக்கி, முறையாக வணங்கித் திரு. சுவாவிடம் கொடுத்தேன்.

 திரு. சுவா கோப்பையைப் பார்த்தார். திரும்பித் தம் குருவின் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முழுவதையும் குடித்தார். சேகண்டி ஒன்று முழங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். என் உபசரிப்புக்குத்தான் என்று நினைத்து நானும் தலையசைத்தேன். பிறகு தியோ இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார்.

மழை விட்டதும் திரு. சுவா வீடுவரை துணைக்கு வந்தார்.  என் வாசலில்தான் வாய் திறந்தார்.

"டீச்சர், ஒரு சின்ன விஷயம். அந்த டீயக் குடுக்குறவங்க சீடர். குடிக்கிறவரு குரு. நான் குடிச்சிட்டேன்."

"குடிக்காமல் இருந்திருக்கலாமே?"

"குடிக்கலன்னா எல்லாரு முன்னாலயும் ஒங்கள வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும்." அவர் குடையை மடக்கினார், விரித்தார். "அது என்னால முடியாது டீச்சர்."

இன்னொரு செய்தியும் உண்டு. முதலில் தேநீர் கொடுத்தவர் மூத்த சீடர். ஆகவே டயர் கடைத் தியோ இனி ஆயுள் முழுவதும் என்னை அக்காள் என்று அழைக்கக் கடமைப்பட்டவர்.

இதை ரத்து செய்ய வழி இல்லையாம். இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். இந்தப் பெர்னதெத் சவரிராயன் பரிமாறியதைத் திரும்ப வாங்கியதில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

காலை ஏழு மணி, முதல் வகுப்பு. எழுதும் பொருளை உள்ளிருந்து அறிவதற்காகவே சென்றேன்.

முதல் பயிற்சியின் பெயர் 'மூன்று போர்'. பெயர்தான் பெரிது. முன்னால் மூன்று அடி, பின்னால் மூன்று அடி, பாதம் தரையைத் துடைப்பதுபோல் அரைவட்டமாக வர வேண்டும், தலை ஆடக் கூடாது. தியோ இரண்டாம் அடியிலேயே சாய்ந்தார். நான் ஆறு அடியும் நடந்து முடித்தேன். 

"யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றார் திரு. சுவா. குரல் மாறியிருந்தது.

சிஸ்டர் கொலும்பா தலையில் அகராதியை வைத்து நடக்கச் சொல்வார், விழுந்தால் மறுபடி முதலிலிருந்து என்றேன்.

"அவங்க எந்த ஊருப் பரம்பரை?"

அயர்லாந்து, கார்க் என்றேன். அவர் சீடர்களுக்கு ஹொக்கியென் மொழியில் அதை விளக்கினார். எல்லாரும் சிஸ்டர் கொலும்பாவுக்காக மரியாதையாகத் தலை தாழ்த்தினார்கள். விண்ணகத்தில் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து, வீடு வரும்வரை குடைக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மே 5, திங்கள்

முழங்கால் வலி. தோட்ட வேலையால் இருக்கும்.

மே 12, திங்கள்

விசாக விடுமுறை. குருவுக்கும் சீடருக்கும் உள்ள முறைகளைப் பற்றித் தியோவிடம் விசாரித்தேன், அத்தியாயத்துக்காக. அவர் என்னை அக்காள் என்று சீனத்தில் விளித்துவிட்டு ஆங்கிலத்தில் விளக்கினார். குரு தகப்பனுக்குச் சமம். என்னைவிட நான்கு வயது இளையவர் எனக்குத் தகப்பன்.

அதனால்தான் போலிருக்கிறது. முன்பெல்லாம் வாரம் இருமுறை வரலாறு பேச வந்து வராந்தாவில் காப்பி குடித்த திரு. சுவா, அந்தத் தேநீருக்குப் பிறகு வாசல் கதவைத் தாண்டுவதே இல்லை. தனியாக இருக்கும் பெண் சீடரின் வீட்டில் குரு உட்காருவது முறையல்லவாம். குறிப்புகளைக் கம்பிக் கதவின் மேலாக நீட்டுகிறார். நானும் மேலாகவே வாங்கிக்கொள்கிறேன். மழை பெய்தால் இருவரும் தனித்தனிக் குடையில் நின்று பதினேழாம் நூற்றாண்டைப் பற்றி உரத்துப் பேசுகிறோம்.

எனக்கு இதில் ஒன்றும் இல்லை. புது டின் பிஸ்கட் மட்டும் திறக்காமலே கிடக்கிறது.

மே 20, செவ்வாய்

வரலாறு நான்காம் பக்கம். சிக்கல்.

ஏழாம் பெண்ணின் புகழைக் கேட்டுச் சாங் சீ என்றொரு பலசாலி சவால் விட வருகிறான். அவள் கையால் தோற்கிறான். அவளிடமே சீடனாகச் சேருகிறான். பிறகு அவளை மணக்கிறான். கழகத்தில் மூன்று பெரியவர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், திருமணத்தை மட்டும் மூவரும் விடவில்லை.

வைத்தியக் கடைக்குப் போய்க் கேட்டேன். குரு பெற்றோருக்குச் சமம் என்றால் ஏழாம் பெண் எப்படித் தன் சீடனை மணந்தாள்? ஒன்று முறை பொய், அல்லது கதை பொய்.

அவர் ஒரு தைலப் போத்தலை நெடுநேரம் துடைத்தார்.

"அதத்தான் நானும் யோசிக்கிறேன் டீச்சர்."

"எப்போதிலிருந்து?"

"டீ குடிச்சதுலேர்ந்து."

நான் கடையில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். நல்ல படம். வலது மணிக்கட்டில் ஓர் எலும்பு விடுபட்டிருக்கிறது என்று சுட்டிக்காட்டிவிட்டு வந்தேன். வழியில் பேருந்தைத் தவறவிட்டேன். அது என் முன்னால்தான் நின்றிருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

பல் துலக்கும்போது ஒற்றைக் காலில்: இடது ஐம்பத்திரண்டு விநாடி, வலது நாற்பத்தேழு. மார்ச்சில் விழுந்த அதே குளியலறை. ஈரத் தரையில் பாதம் தானாக அரைவட்டம் போடுகிறது. சந்தையில் மீன்காரர், "டீச்சரம்மா என்னா டான்ஸ் ஆடுறீங்க" என்றார். வரிசையில் நின்றபோது மூன்று போர் நடந்திருக்கிறேன் போலும்.

ஜாசிந்தா அழைத்தாள். இருபத்தொன்பதாம் தேதி ஞாயிறு வருகிறாளாம், கையில் பட்டியலோடு. கைப்பிடி உண்டா, தரை வழுக்குமா, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று இருபத்து மூன்று கேள்விகள். அதற்குப் பிறகுதான் முடிவு என்கிறாள். முடிவை எடுத்துவிட்டுத்தான் பட்டியல் எழுதியிருப்பாள், என் மகளை எனக்குத் தெரியும்.

வகுப்புகளைப் பற்றி நான் சொல்லவில்லை. சண்டை கற்கிறேன் என்றால் கட்டிலோடு கம்பியும் வைத்துவிடுவாள்.

ஜூன் 27, வெள்ளி

நாளை கழகத்தின் விருந்து. வரலாற்றை நான் மேடையில் வாசிக்கிறேன். அதற்கு முன்னால் புதுச் சீடர்கள் மூத்தவர் முதலாக மூன்று போர் செய்துகாட்ட வேண்டும். மூத்தவர் நான்தான். மறுத்தால் தியோ தனியாக நிற்க நேரிடும், அந்த மனிதர் சாய்ந்துவிடுவார்.

பட்டுப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் கட்டிப் பார்த்தேன். பரவாயில்லை. நன்றாகவே இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். நேற்றைய நிகழ்ச்சிகள்:

மாலை ஆறரை. மழை. முப்பது மேசைகள். சேகண்டி முழங்கியதும் மேடை ஏறினேன். முதல் அடி. இரண்டாம் அடி. மூன்றாம் அடியில் கையை விரித்துத் திரும்பியபோது மண்டபத்தின் கதவருகே, நனைந்த தலையோடு, கையில் பயணப் பெட்டியோடு, வாயைத் திறந்தபடி ஜாசிந்தா.

ஒரு நாள் முன்னதாக வந்திருக்கிறாள். வீடு பூட்டியிருக்கவே அன்னபாக்கியத்திடம் கேட்டிருக்கிறாள். "ஒங்க அம்மாவா? சீனங்களோட சண்டைக்குப் போயிருக்காங்க" என்றாளாம் அந்தப் புண்ணியவதி.

ஏழாம் பெண் கொக்கைப் பார்த்துப் பின்வாங்கியதாக எந்தக் கதையிலும் இல்லை. நானும் நிறுத்தவில்லை. பின்னால் மூன்று அடியும் நடந்து, கை குவித்து முடித்தேன். முப்பது மேசையும் எழுந்து நின்றது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரலாற்றை வாசித்தேன். பன்னிரண்டு அடியும் கொக்குக்கு ஒன்றுமில்லை என்று என் சோதனையை வாசித்தபோது மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது. சூப் ஆறியது, யாருக்கும் கவலை இல்லை.

ஜாசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே ஏழு படிகள். மழையில் பளபளத்தன. அவள் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இறங்கினாள்.

"இந்த வயசுல இது என்னா வெளையாட்டும்மா? கீழ விழுந்தா யாரு பாக்குறது? பாத்து, படி வழுக்கும். மொதல்ல வலது கால வைங்க. நான் சொல்றதக் கேளுங்க..."

நான்காம் படியில் அவளுடைய குதிகால் செருப்பு வழுக்கிப் பறந்தது. எழுபத்தெட்டு கிலோ பாதுகாப்பு அதிகாரி காற்றில் போனாள். என் முழங்கையை அவள் விடவில்லை. என் பாதம் அரைவட்டம் போட்டு ஊன்றியது, முதுகு அகராதி தாங்கிய முதுகு, மற்றக் கை அவள் இடுப்பைச் சுற்றியது. சில விநாடிகள் அப்படியே நின்றோம், அவள் என் கையில் ஈரத் துணிபோல் தொங்கிக்கொண்டு, நான் நேராக. மேலே வாசலில் முப்பது மேசையும் திரண்டு பார்த்தது.

நான் பிடிக்காவிட்டால் அவள் தலை கல்லில் மோதியிருக்கும்.  

கணுக்கால் மட்டும் சுளுக்கிக்கொண்டது. திரு. சுவா ஓடிவந்து படியிலேயே உட்கார்ந்து அவள் பாதத்தை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, இரண்டு வாரம் ஊன்றக் கூடாது, கார் ஓட்டக் கூடாது என்றார்.

ஆகவே என்னை அழைத்துப் போக வந்தவள் என் வீட்டு முன்னறைக் கட்டிலில் படுத்திருக்கிறாள். காலுக்குக் கீழே இரண்டு தலையணை. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். சின்ன வயதில் குடிப்பதுபோல் உறிஞ்சிக் குடித்தாள். திருத்தவில்லை, ஒரு நாளைக்கு மன்னிக்கலாம்.

ஜூலை 3, வியாழன்

திரு. சுவா தினமும் காலையில் தைலத்தோடு வருகிறார். வைத்தியருக்கு வாசல் தடை கிடையாதாம். இருபது நிமிடம் கணுக்காலுக்கு, ஒரு மணி நேரம் காப்பிக்கு. பிஸ்கட் டின் பாதியாகிவிட்டது.

ஜாசிந்தா படுத்தபடியே பட்டியலை நிரப்பினாள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொன்னாள். எழுந்தேன். ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கச் சொன்னாள். நின்றபடியே பாத்திரம் துடைத்தேன். இருபத்து மூன்றில் இருபத்திரண்டு. கைப்பிடி இல்லாததற்கு ஒன்று குறைந்தது. அதையும் திரு. சுவா மாட்டித் தருவதாகச் சொன்னார். ஜாசிந்தா பட்டியலை மடித்தாள். முடிவைச் சொல்லவில்லை.

"எல்லாம் சரிம்மா. ஆனா அடுத்த தடவ ஒங்களுக்கு ஒண்ணுன்னா, கதவத் தட்டிப் பாக்கக்கூட ஒரு ஆள் வேணாமா?"

 பட்டியலில் இல்லாத கேள்வி.

திரு. சுவா தைலப் போத்தலை மூடிக்கொண்டிருந்தார். வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார், மலரின் கடைசிப் பக்கத்தை அச்சகத்துக்கு இன்னும் கொடுக்கவில்லை, ஒரு விவரம் சரிபார்க்க வேண்டும் என்று.

"அன்னிக்கி டீ யாருக்குக் குடுத்தீங்க டீச்சர்?"

"உங்களுக்கு."

"எனக்குப் பின்னால யாரு இருந்தா?"

"உங்கள் குரு. படத்தில்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. அவருக்குக் குடுத்ததா இருக்கலாம். அவரால குடிக்க முடியாது, அதனால அவரு சார்பா நான் குடிச்சேன்." காதெல்லாம் சிவந்திருந்தது. "அப்படின்னா நீங்க எனக்குச் சீடர் இல்ல. ரெண்டு பேரும் ஒரே குருவுக்குச் சீடருங்க. அதுல ஒரு முறையும் தடுக்காது."

"எதைத் தடுக்காது?"

"காப்பிய," என்றார். "கதவத் தட்டுறத."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். அன்று அவர் கோப்பையை வாங்குமுன் திரும்பிப் படத்தைப் பார்த்தது உண்மை. இருபது சாட்சிகள் உண்டு.

ஜூலை 12, சனி

மலர் வந்துவிட்டது. பளபளப்புத் தாள். என் வரலாறு ஒன்பது பக்கம், திருமணத்தோடு. ஜாசிந்தா நாளை மறுநாள் வேலைக்குத் திரும்புகிறாள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். கொக்கு இடத்தில் சத்தமாகச் சிரித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் நிமிர்ந்தாள்.

"அம்மா, இங்க ஒரு தப்பு இருக்கு."

கடைசிப் பக்கம் குரு சீட வரிசை. திரு. சுவாவின் பெயருக்குக் கீழே அவருடைய சீடர்கள். புதியவராக டயர் கடைத் தியோ. அங்கே என் பெயர் இல்லை. ஒரு படி மேலே, திரு. சுவாவின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"இந்தக் குரு செத்து முப்பது வருஷம் ஆச்சுன்னு ஏழாம் பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. அவருகிட்ட நீங்க எப்படிச் சீடராச் சேர்ந்தீங்க?"

அச்சான பிறகு என்ன செய்ய முடியும் என்றேன்.

"நீங்களாம்மா? பூசைப் புத்தகத்துல தப்பு இருந்தா சாமியாருக்குக் கடுதாசி போடுறவங்க நீங்க."

ஆயிரம் பிரதிகள், காகிதம் வீண் என்றேன். ரோஜாவுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்றேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அவள் என்னையே பார்த்தாள். பக்கத்தை மறுபடி பார்த்தாள். முகம் மெல்ல மாறியது, எட்டு வயதில் என் அலமாரியில் ஒளித்துவைத்த சாக்லேட்டைக் கண்டுபிடித்தபோது மாறியதைப்போல. பிறகு சிரித்தாள், கணுக்கால் வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டு சிரித்தாள். கைத்தொலைபேசியை எடுத்துக் கணவனை அழைத்தாள்.

"இல்ல, நான் மட்டும்தான் வர்றேன். அம்மா வரல... இல்லப்பா, ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல." என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தனியா இல்ல. அத நான் நேருல வந்து சொல்றேன்."

இந்த வரிசைப்படி தியோ இனி என்னை அக்காள் என்று அழைக்க முடியாது. நான் அவர் குருவின் சக சீடர், ஆகவே அத்தை முறை. அந்தப் பெரிய உடம்பு இதை எப்படித் தாங்கப் போகிறதோ.

அச்சுக்கு முன்னால் மெய்ப்பை மூன்று முறை படித்தேன். சிவப்பு மையால் நாற்பத்தொரு பிழைகளைத் திருத்தினேன், அதில் ஒன்று தலைகீழாக நின்ற காற்புள்ளி. இந்த ஒரு பிழை மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று தெரியவில்லை.